கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு பழைய வீராவுக்கு அலாரம் போட்ட கதை: ரெண்டு கடை ரிவியூ

எங்க காடி (கார்தான்) 2001 புரோட்டோன் வீரா, 1.5 மேனுவல், என்ன கலருன்னு கெரானப் (காடி பதிவு அட்டை) பாத்தாத்தான் தெரியும், அவ்ளோ வெயில் குடிச்சிருக்கு. வித்தா நாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்) தேறுமான்னே சந்தேகம். அதுக்குப் போயி அலாரத்துக்கு மட்டும் 560 வெள்ளி செலவு பண்ணிருக்கேன், அதுல 180 வெள்ளி சுத்தமா தண்டம். எங்க ஏமாந்தேன், எங்க சரியாச்சுன்னு எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

வாங்கின காரணம் சிம்பிள். எங்க பிளாட்ல கீழ் வீட்டு அங்கிளும் வீராதான் வச்சிருந்தாரு. ஒரு சனிக்கிழமை காலைல மார்க்கெட் போலாம்னு எறங்கினவரு அப்படியே நின்னுட்டாரு, காடி நின்ன எடத்துல ஒரு எண்ணெய்க் கறையும் கொஞ்சம் கண்ணாடித் தூளும்தான் கெடக்குது. வீரா 1993ல வந்த காடி, 2009 வரைக்கும் செஞ்சாங்க, ரோட்டுல அவ்ளோ இருந்துச்சு, அதனால பார்ட்ஸுக்கு எப்பவும் ஆளு உண்டு. திருடறவன் அத ஓட்டப் போறதில்ல, பிரிச்சிப் போட்டா கதவு ஒருத்தனுக்கு, கியர்பாக்ஸ் ஒருத்தனுக்கு, இஞ்சின் ஒருத்தனுக்கு. அங்கிளு போட்டிருந்தது வெறும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ். அதுல காடி காணாப்போனா ஒத்தக் காசு வராது, நெறைய பேருக்கு இது காணாப்போன அப்புறந்தான் தெரியுது. எங்க வீராவுக்கும் அதே கதைதான், இவ்ளோ பழைய காடிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் கேட்டா ஏஜெண்டு நம்ம மூஞ்சிய ஒரு மாதிரி பாக்கறாரு.

இன்னொண்ணு, நாங்க இருக்கறது பதினோராவது மாடி. பார்க்கிங் கெடைக்காது, ராத்திரி எட்டு மணிக்கு மேல வந்தா ரோட்டோரந்தான், அதுவும் வீட்டு ஜன்னல்ல இருந்து தெரியாத பக்கம். அப்பாவுக்கு முட்டிவலி வந்ததுல இருந்து காடி என் கைலதான், ஆனா மனசளவுல இன்னும் அவரு காடிதான். அது போச்சுன்னா அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்னு நெனச்சேன், அந்த வாரமே கெளம்பிட்டேன்.

மொத கடை. பேரு வேணாம், எந்தப் பக்கம்னும் வேணாம். பெரிய கடை, ஏர்கான் ரூம்பு, செவுரு பூரா ஸ்பீக்கரு, ஸ்போர்ட் ரிம்மு. கவுண்டர்ல இருந்த பையன் கேட்ட மொத கேள்வி "சிஸ், ஹஸ்பண்ட் வரலையா?" வரலப்பா, இன்னும் பொறக்கவே இல்லன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அலாரத்துல என்னென்ன வகை இருக்குன்னு கேட்டா 180, 280, 450ன்னு வெலையாதான் சொல்றான். 280க்கும் 180க்கும் என்ன வித்தியாசம்னா "இது சைரன் இன்னும் சத்தமா இருக்கும் சிஸ்"ங்கறான். காடி மேனுவலா ஆட்டோவான்னு கேக்கல. எங்க நிறுத்தறேன்னு கேக்கல. நானும் ஒண்ணும் தெரியாம 180க்கு தலையாட்டிட்டேன். நாப்பது நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. அப்ப எனக்கு சந்தோஷம், பரவால்லயே ஃபாஸ்ட்டா செய்றாங்களேன்னு. நாப்பது நிமிஷத்துல டேஷ்போர்டுக்குக் கீழ என்னென்ன அக்கிரமம் பண்ணலாம்னு எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சது.

மூணாவது நாளே ஆரம்பிச்சிடுச்சு. கேஎல்ல சாயங்காலம் இடி இடிக்காத மாசம் எது? ஒரு இடி, உடனே எங்க காடி கத்தும். சிமெண்ட் லோரி போனா கத்தும். பூனை பொனெட்ல குதிச்சா கத்தும். ஒரு ராத்திரி மூணு மணிக்கு மழைல சும்மாவே கத்திச்சு, நான் நைட்டியோட குடைய எடுத்துக்கிட்டு பதினோரு மாடி எறங்கி ஓடறேன், ஏன்னா ரிமோட்டு மேல இருந்து எட்டாது. அங்க ஒருத்தரு பால்கனில நின்னு, "ஏம்மா, தூங்க விட மாட்டியா"ன்னு கத்தறாரு. பிளாட் வாட்ஸ்அப் குரூப்புல என் காடி நம்பர போட்டு மூணு பேரு கோவப்பட்டிருக்காங்க. இதுல நான் கவனிச்ச விஷயம் ஒண்ணு, அலாரம் கத்தினப்ப ஒரு ஆளு கூட திருடன் இருக்கானான்னு எட்டிப் பாக்கல. எல்லாரும் தேடினது என்னைத்தான். பிளாட் காவலுக்கு இருக்கற ஜாகா கூட கதிரைய விட்டு எழுந்திரிக்கல.

கடைக்கு கொண்டு போனேன். பையன் ஏதோ ஒரு திருகாணிய அரை சுத்து சுத்திட்டு "ஓகே சிஸ்"ன்னான். அதுக்கப்புறம் இடிக்கு கத்தல, சரிதான், ஆனா கண்ணாடிய ஓங்கிக் குத்தினாலும் கத்தல.

அடுத்து தீபாவளி. ஈப்போல சித்தப்பா வீடு, பஸ்ஸுல அப்பாவுக்கு முட்டி தாங்காதுன்னு இடிஎஸ் ரயில்ல போயிட்டோம், காடி ஆறு ராத்திரி கீழயே நின்னுச்சு. திரும்பி வந்து ரிமோட்ட அமுக்கறேன், சத்தமே இல்ல. சாவி போட்டா டேஷ்போர்டுல லைட்டு மங்கலா மினுக்குது, டிக் டிக் டிக்னு ஒரு சத்தம், அவ்ளோதான். மறுநாள் வேலைக்கு கிராப் டாக்சி புடிச்சி போனேன். பக்கத்து புளோக் டாக்சி அங்கிள் கேபிள் கொண்டு வந்து ஜம்ப் பண்ணிக் குடுத்தாரு. பேட்டரி வாங்கி ஒன்றரை வருஷம் கூட ஆகல. அவருதான், "பேட்டரிய மாத்தாதமா, மொதல்ல எது குடிக்குதுன்னு பாரு"ன்னு ஒரு வயர்மேன் பேரச் சொல்லி வழி சொன்னாரு.

இனிமேதான் ரிவியூ.

கடை ஜாலான் ஈப்போ ரோட்டுக்கு உள்ள தள்ளி, ஒரு சந்துல. போர்டுல வெறும் காடி வயரிங், ஏர்கான்னு மலாய்ல எழுதியிருக்கும், பாதி எழுத்து உதிர்ந்து போச்சு. பேர நான் போடல, ஏன்னா அண்ணே வேணாம்னுட்டாரு, "இருக்கற வேலையே முடியல தங்கச்சி, நீ வேற ஆளு கூப்பிடாத"ன்னாரு. ரெண்டு காடி நிக்கற எடம், ஒரு காத்தாடி, ஒரு சாமி படம், நமக்கு உக்கார ஒரு செவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. தவுக்கே (மொதலாளி) ஒரு சீனரு, அவரு ஏர்கான் பாப்பாரு. வயரிங் பூரா இந்த அண்ணேதான், அம்பது வயசு இருக்கும், முப்பது வருஷமா இதே வேலையாம்.

அவரு காடிக்குள்ள ஏறவே இல்ல. நேரா பொனெட்டத் தொறந்து, பேட்டரி நெகட்டிவ் கேபிளக் கழட்டி, அதுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டர வச்சாரு. கதவெல்லாம் மூடி ரிமோட்ல லொக் பண்ணச் சொன்னாரு. மீட்டர்ல 0.17 ஆம்பியர். "நிறுத்தி வச்ச காடி இவ்ளோ குடிக்கக் கூடாதும்மா, 0.05க்குள்ள இருக்கணும், நல்லா போட்டா 0.02 தான் வரும்"னாரு. அப்புறம் டேஷ்போர்டுக்குக் கீழ கைய விட்டு துழாவி, சின்ன கறுப்பு டப்பா ஒண்ண புடிச்சிக்கிட்டு, "இங்க கை வச்சிப் பாரு"ன்னாரு. வச்சேன், சூடா இருக்கு. காடி ஆஃப்ல நிக்குது, சாவி என் கைல இருக்கு, இது மட்டும் அடுப்பு மாதிரி சூடா இருக்கு.

அது ரிலே. அலாரம் லொக் ஆனா காடிய ஸ்டார்ட் ஆக விடாம வயர வெட்டற வேலை அதோடது. உள்ள ஒரு காயில், அதுக்கு கரண்டு போனா சுவிட்ச் மாறும். காயிலுக்கு ஒரு பக்கம் அலாரம் பெட்டி எர்த் குடுக்கும், இன்னொரு பக்கம் சாவி திருப்பினா மட்டும் வர்ற கரண்ட குடுக்கணும். அப்படி குடுத்தா திருடன் சாவி ஓட்டைய ஒடச்சி திருப்பும்போதுதான் ரிலே வேலை செய்யும், மத்த நேரம் சும்மா தூங்கும். மொத கடைக்காரன் அத நேரா பேட்டரி லைன்ல மாட்டிட்டான். அதனால நான் லொக் பண்ற நிமிஷத்துல இருந்து திரும்ப தொறக்கற வரைக்கும் காயில் கரண்ட குடிச்சிக்கிட்டே இருக்கு. கணக்குப் போட்டுக் காட்டினாரு, 0.17ஐ 24ஆல பெருக்கினா ஒரு நாளைக்கு 4 ஆம்பியர்-ஹவர். என் பேட்டரி என்எஸ்60 சைஸு, புதுசுலயே 45 கிட்டதான். ஆறு ராத்திரில பாதிக்கு மேல காலி, மீதில ஸ்டார்ட்டர் எங்க சுத்தும்? தெனமும் வேலைக்கு ஓட்டினப்ப சார்ஜ் ஏறி ஏறி மறைஞ்சி போச்சு, நிறுத்தி வச்சப்பதான் வெளிய வந்துச்சு. ஒரு வயர் மாறினதுக்கு ஒரு பேட்டரி சாவப் பாத்துச்சு.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டிக்கிட்டே இருக்காரு, எனக்கு வயிறு கலங்குது. வயர எங்கயும் ஈயம் உருக்கி ஒட்டல, சுத்தி டேப்பு ஒட்டிருக்கான், நம்ம ஊரு சூட்டுல அந்த டேப்பு பசை உருகி கழண்டு தொங்குது. பேட்டரில இருந்து வர்ற வயர்ல பியூஸே இல்ல, அது எங்கயாவது உரசி பாடியத் தொட்டா வயர் எரியும், "அலாரம் போட்டு காடிய கொளுத்தின மாதிரி"ன்னாரு. அதிர்ச்சி புடிக்கற சென்சார ஏர்கான் பிளாஸ்டிக் குழாய் மேல ரெட்டை டேப்புல ஒட்டிருக்கான், அது தானா ஆடிக்கிட்டே இருக்கு, அப்புறம் ஏன் இடிக்கு கத்தாது. சைரன் வாய மேல பாக்க வச்சிருக்கான், உள்ள மழைத்தண்ணி. ராத்திரி மூணு மணிக்கு கத்தினது எதுனாலன்னா கதவு தூண்ல இருக்கற சின்ன சுவிட்ச், அதோட ரப்பர் கிழிஞ்சி தண்ணி எறங்கி, கதவு தொறந்துடுச்சுன்னு பெட்டி நெனச்சிருக்கு. அந்த ரப்பர் சுவிட்ச் எட்டே எட்டு வெள்ளி.

எல்லாத்தையும் விட பெரிய ஜோக் ஒண்ணு இருக்கு. ரிலேவ ஸ்டார்ட்டர் வயர்ல போட்டிருக்கான். என் காடி மேனுவல்! ரெண்டு பேரு தள்ளி, ரெண்டாவது கியர்ல போட்டு கிளட்ச்ச விட்டா ஓடிடும், ஸ்டார்ட்டரே தேவையில்ல. ஆட்டோ காடிக்கு ஸ்டார்ட்டர வெட்டறது சரி, தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது, ஓடும்போது ரிலே கெட்டாலும் ஆபத்தில்ல. மேனுவலுக்கு பெட்ரோல் பம்ப்ப வெட்டணும், இல்ல இக்னிஷன வெட்டணும். மொத கடை பையன் மேனுவலா ஆட்டோவான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தக் கூத்து இல்ல.

நான் கேட்டேன், "அண்ணே, பெட்டி இருக்கட்டும், வயரிங் மட்டும் மாத்தி போட்டுக் குடுங்க, காசு மிச்சமாகும்ல." அவரு ஒண்ணும் சொல்லல, ரிமோட்ட வாங்கிப் பாத்துட்டு, நாலு கடை தள்ளி சாவி வெட்டற கடைக்கு அனுப்பினாரு. ஆட்டோகேட் ரிமோட் கோப்பி பண்ணித் தருவாங்களே அந்த மாதிரி கடை. அங்க போயி இதுக்கு ஒரு கோப்பி போடுங்கன்னு கேளு, ஆனா வாங்காதன்னாரு. அந்தப் பையன் என் ரிமோட்ட அவன் ரிமோட் பக்கத்துல வச்சி ரெண்டையும் அமுக்கினான், ஒரு நிமிஷம் ஆகல, அவன் ரிமோட்ல அமுக்கினா சந்துக்குள்ள என் காடி கூக் கூக்னு தொறக்குது. எனக்கு கை கால் ஒதறிடுச்சு. அது ஒரே கோட திரும்பத் திரும்ப அனுப்பற ரிமோட்டு, எவன் புடிச்சாலும் கோப்பி ஆகிடும். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் கோட் மாறற மாதிரி வாங்கணும், ரோலிங் கோட்னு சொல்லுவாங்க. அதையும் ஒடைக்க வழி இருக்கு, 2015ல சாமி கம்கார்னு ஒரு அமெரிக்கக்காரரு சிக்னல தடுத்துப் புடிச்சி வச்சிக்கிட்டு அப்புறமா தொறக்கற சின்ன டப்பா ஒண்ணு செஞ்சி மேடைல காட்டினாரு, ஆனா பழைய வீராவுக்கு அவ்ளோ மெனக்கெடற திருடன் இருந்தா நானே சாவிய குடுத்துடுவேன். அலாரம் வாங்கப் போறவங்க கடைக்காரன் சொல்ற வசனத்த எல்லாம் விட்டுட்டு இந்த சாவிக் கடை டெஸ்ட்ட பண்ணுங்க, காசே ஆகாது.

சரி, புதுசு போடலாம்னு ஆச்சு. பேஜர் மாதிரி திரையெல்லாம் இருக்கற டூ வே ரிமோட் ஒண்ணு கண்ணாடிப் பொட்டில இருந்துச்சு, காடிய தொட்டா நம்ம கைல இருக்கற ரிமோட்டு கத்துமாம், பொட்டில ஒரு கிலோமீட்டர்னு போட்டிருக்கு. அண்ணே அத விக்க மாட்டேன்னாரு. அது தெறந்த வெளில, ஒன் பிளாட்டு காங்க்ரீட்டு, பதினோராவது மாடில ஒண்ணும் வராதுன்னாரு. விக்கற ஆளே வேணாங்கறப்ப நான் என்ன சொல்ல. ஜிபிஎஸ் டிராக்கர் கேட்டேன், அதுக்கு சிம் கார்டுக்கு மாசாமாசம் டாப்அப் போடணும், மறந்தா செத்துடும், நம்ம நாட்டுல 3ஜிய 2021 கடைசில மூடிட்டாங்க, மலிவா கெடைக்குதேன்னு பழைய ஸ்டாக் டிராக்கர வாங்கிடாத, 4ஜிதானான்னு பாத்து வாங்கு, ஆனா மொதல்ல காடி நகராம இருக்கறதுக்கு வழி பாப்போம், காணாப்போன அப்புறம் எங்க இருக்குன்னு பாக்கறது ரெண்டாவதுன்னாரு. பேர்போன அலாரம் பிராண்டு வைப்பர், கிளிஃபோர்டு எல்லாம் பத்தி கேட்டேன், நல்ல பொருள்தான், ஒன் காடிக்கு அவ்ளோ வேணாம், நல்ல பெட்டிய மோசமா போட்டா மோசமான பெட்டிதான்னாரு. அதோட ஸ்டிக்கர் மட்டும் கண்ணாடில ஒட்டிக்கிட்டு அலாரமே இல்லாத காடி செந்தூல்ல எத்தனை ஓடுது, நானே பாத்திருக்கேன்.

கடைசில சாதாரண ஒன் வே, ரோலிங் கோட், 220 வெள்ளி. உள்ளுக்குள்ள சொந்த பேட்டரி வச்ச சைரன் 60, திருடன் காடி பேட்டரிய வெட்டினாலும் அது கத்தும். கூலி 100. மொத்தம் 380.

வேலை நாலு மணி நேரம். காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சது, நடுவுல அவரு சாப்பிடப் போனப்ப நானும் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடைல ஒரு ரொட்டி சானாய், ஒரு கோப்பி ஓ. வெயிலு நாற்காலி வரைக்கும் வந்துடும், நகர்ந்து நகர்ந்து உக்காரணும். ஆனா பாக்க நல்லா இருந்துச்சு, நான் ஃபோனையே எடுக்கல. பழைய வயரு எல்லாத்தையும் பிடுங்கி, பசை தொடைச்சி, கம்பெனி வயர்ல வெட்டு விழுந்த எடத்த எல்லாம் ஈயம் வச்சிப் பத்தி மேல குழாய் போட்டு சுருக்கினாரு. எர்த் வயர பெயிண்டுக்கு மேல மாட்டாம, சொரண்டி, பச்ச இரும்பு தெரியற எடத்துல போல்ட்டு போட்டாரு. சென்சார ஸ்டியரிங் தண்டு புடிச்சிருக்கற இரும்புல கட்டினாரு. அதுக்கு ரெண்டு கட்டம் இருக்காம், லேசா தட்டினா ரெண்டு கூவு மட்டும், ஓங்கி அடிச்சா ஃபுல் சைரன். உள்ளங்கையால கண்ணாடி ஓரத்துல தட்டித் தட்டி, திருகாணிய முள்ளளவு முள்ளளவா திருப்பி, பின்னாடி டயர ஒதச்சிப் பாத்து, பக்கத்துல லோரி போற வரைக்கும் காத்திருந்து பாத்து, அரை மணி நேரம் அதுலயே போச்சு. சைரன் வாய் கீழ பாக்க. பொனெட்டுக்கு ஒரு சுவிட்ச், மொத கடைல அதுவே இல்ல, பொனெட்டத் தொறந்து சைரன் வயர வெட்டினா முடிஞ்சது கதை.

ரிலே இந்தத் தடவை பெட்ரோல் பம்ப் வயர்ல. எனக்கு பயம், ஹைவேல நூறுல போறப்ப அது பாட்டுக்கு வெட்டிடுச்சுன்னா? அதுக்குத்தான் ரிலேவ ஓய்வுல இருக்கும்போது கரண்டு போற கால்ல, 87ஏன்னு போட்டிருக்கும், அதுல மாட்டறாரு. ரிலேவுக்கு கரண்டு வந்தாத்தான் வெட்டும், ரிலே காயில் செத்துப் போனா காடி ஓடிக்கிட்டேதான் இருக்கும். சாவி ஆன்ல இருக்கும்போது அலாரம் லொக்கும் ஆகாது. ஓட்டத்துல கதவத் தொறந்தா கொஞ்ச நேரம் கழிச்சி இஞ்சின அணைக்கற வசதி ஒண்ணு பெட்டில இருந்துச்சு, காடிய மெரட்டிப் புடுங்கறவனுக்காக. அந்த வயர வெட்டி டேப்பு சுத்தி ஓரங்கட்டிட்டாரு, ஜாலான் கூச்சிங் ஜாம்ல நீ கதவத் தொறந்து துப்பினா நடு ரோட்டுல நிப்பன்னாரு. நான் துப்ப மாட்டேண்ணே. இருந்தாலும் வேணாம்.

ஆனா ரிலேவ இப்படி மாட்டறதுல ஒரு ஓட்டை இருக்குன்னு அவரே சொன்னாரு. ஓய்வுல கரண்டு போகும்னா, அலாரம் பெட்டி கரண்ட எவனாவது கண்டுபுடிச்சி வெட்டிட்டா ரிலே பேசாம இருந்துடும், காடி போயிடும். மாத்திப் போட்டா திருடனுக்கு கஷ்டம், எனக்கு ஆபத்து. ரெண்டுல ஒண்ணுதான். நான் யோசிச்சிக்கிட்டு நிக்கறேன், அவரு கார்ப்பெட்ட தூக்கி பம்ப் வயர தொடர்ந்து போனவரு திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சிட்டாரு. "தங்கச்சி, ஒங்கப்பா என்ன வேலை பாத்தாரு?"

கேடிஎம் ரயில்வேல ஃபிட்டரு. ஏன்?

அந்த வயர்ல ஏற்கனவே ஒரு வெட்டு, துணி டேப்பு சுத்தி, மெழுகு நூல்ல முடிச்சு போட்டு, அவ்ளோ சுத்தமா. அங்க இருந்து ரெண்டு வயர் போயி போயி, ஒரு எடத்துல ஒரு சின்ன சுவிட்ச்சுல முடியுது. எந்த எடம்னு எழுத மாட்டேன், எத்தனை வருஷமா அந்தக் காடிய ஓட்டறேன், என் கையே அங்க பட்டதில்ல. அப்பாவுக்கு போன் போட்டேன். "ஆமா, 2003ல போட்டேன், கள்ளசுவிட்ச், அத ஆஃப் பண்ணா பம்ப்புக்கு கரண்டு போகாது, அதான் இருக்கே, நீ எதுக்கு காசு செலவு பண்ணி அலாரம் போட்ட"ங்கறாரு. ஏம்ப்பா சொல்லலன்னா, "நீ கேக்கலையே." 180ம் 380ம் கைய விட்டுப் போன அப்புறம் இந்த பதிலு.

அண்ணே அந்த சுவிட்ச்ச கழட்டல. தொடைச்சி, மீட்டர் வச்சி பாத்து, "இந்த முடிச்சு நான் போட்டதுக்கு மேல இருக்கும்மா, இருக்கட்டும்"னு அப்படியே விட்டுட்டாரு. அலாரம் பெட்டிய எவன் வெட்டினாலும் பம்ப்புக்கு வழில அப்பா ஒருத்தரு நிக்கறாரு. கடைசியா திரும்ப மீட்டர், 0.02. ரிலேவ தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்துச்சு.

கொறையும் சொல்லிடறேன், இல்லன்னா காசு வாங்கிட்டு எழுதினேம்பீங்க. போன் எடுக்க மாட்டாரு, நேர்ல போயிதான் நிக்கணும். டைம் குடுத்தா அந்த டைமுக்கு மேல ஒரு மணி நேரம் போட்டுக்குங்க. கார்டு கெடையாது, காசுதான். ரசீதுன்னு கேட்டா ஒரு அட்டைல பேனாவால தேதி எழுதி ஒரு வருஷ வாரண்டின்னு கையெழுத்து. டாய்லெட் பத்தி பேச வேணாம், பொம்பளைங்க மாமாக்குக்கே போயிடுங்க. ரிமோட்டு பிளாஸ்டிக் ரொம்ப லேசு, ஒரு தடவை கீழ விழுந்து மூடி தெறிச்சிடுச்சு. அப்புறம் இந்த பெட்டில ஒரு கிறுக்குத்தனம், தொறந்துட்டு முப்பது செகண்டுக்குள்ள கதவத் தொறக்கலன்னா தானா திரும்ப லொக் ஆகிடும். ஒரு நாள் பின்னாடி சாமான் வைக்கற பூட்ல அடுக்கறேன்னு சாவிய உள்ள வச்சி பூட் மூடிய சாத்திட்டேன். அந்த வசதிய எடுத்து விடச் சொல்லி கேக்கணும், நான் கேக்கல, தப்பு என் மேலயும்தான்.

அக்கா கிட்ட 2018 பெரோடுவா மைவி இருக்கு, பட்டன் அமுக்கி ஸ்டார்ட் பண்றது. அவளும் போட்டுக்கறேன்னு காடிய கொண்டு போனா, அண்ணே பொனெட்ட கூட தொறக்கல. கம்பெனிலயே இம்மொபிலைசர் இருக்கு, சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆகாது, இந்த மாதிரி காடில வயர வெட்டினா நாளைக்கு எது கெட்டாலும் ஒன் தலைலதான் கட்டுவான்னாரு. அந்த மாதிரி காடிக்கு தொல்லை வேற எடத்துல, சாவி வீட்டுக்குள்ள கதவோரமா தொங்கும், ஒருத்தன் வாசல்ல கருவிய வச்சி அந்த சிக்னல இழுத்து காடி பக்கத்துல நிக்கறவனுக்கு அனுப்பினா, காடி சாவி பக்கத்துல இருக்குன்னு நம்பிடும். அதுக்கு வைத்தியம் மூடி இறுக்கமா இருக்கற இரும்பு டின்னு, சாவிய உள்ள போட்டுட்டு டின்னோட காடி கிட்ட போயி கதவு தொறக்குதான்னு பாக்கணும், தொறக்கலன்னா டின்னு சரி. அக்கா பிஸ்கட் டின்ன காலி பண்ணி வச்சிருக்கா. 380 வெள்ளிக்கு பதிலா பிஸ்கட் வெலை, அதுவும் பசங்க சாப்பிட்டுட்டாங்க.

மார்க்கு கேட்டா கடைக்கு பத்துல எட்டு, ரெண்டு மார்க்கு அந்த போனுக்கும் நாற்காலிக்கும் போச்சு. பெட்டிக்கு ஆறு. மொத கடைக்கு மார்க்கு போடற அளவுக்கு எனக்கு இன்னும் கோவம் தணியல.

போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. இடிக்கு கத்தல. வாட்ஸ்அப் குரூப்புல என் நம்பர் வரல. போன மாசம் மட்டும் ஒரு நாள் காலைல, அவசரமா வேலைக்கு கெளம்பறேன், ஸ்டார்ட் ஆச்சு, ரோட்டுக்கு வந்து இருவது மீட்டர் போச்சு, அப்படியே செத்துடுச்சு. சாவி திருப்பறேன், சுத்துது சுத்துது, புடிக்கல. பின்னாடி மூணு காடி ஹோர்னு. எனக்கு வந்த கோவத்துல அண்ணேக்கு போன் போட்டேன், என்ன அதிசயமோ மொத ரிங்குலயே எடுத்துட்டாரு. என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க, ரிலே போயிடுச்சு, நடு ரோட்டுல நிக்கறேன்னு பொரிஞ்சி தள்ளிட்டேன். அவரு முழுசா கேட்டுட்டு, "நேத்து ராத்திரி ஒங்கப்பா கீழ எறங்கினாரா?"ன்னாரு.

எறங்கினாரு. மருந்து வாங்கப் போறேன்னு.

கைய அந்த எடத்துல விட்டேன். சுவிட்ச் ஆஃப்ல இருந்துச்சு.